கூடப் படித்தவர்கள் இப்போது என்ன செய்கிறார்கள்?

ஜேடர்பாளையம் பக்கம் ஒரு கல்யாண வீட்டிலோ, பிலிக்கல்பாளையம் வெல்ல ஏலத்திலோ, ஐம்பது வயதைத் தொட்ட இரண்டு பேர் சந்தித்துக்கொண்டால் பேச்சு எப்படியும் ஓரிடத்தில் வந்து நிற்கும். "ஏன்டா மாப்ள, நம்ம கூடப் படிச்ச வாத்தியார் பையன் இப்ப எங்கடா இருக்கான்?" என்று ஒருவர் கேட்பார். மற்றவர் வரிசையாகச் சொல்லுவார். ஒருவன் பெங்களூரில் கம்ப்யூட்டர் கம்பெனி. ஒருவன் ரிக் வண்டியோடு வடநாட்டில். ஒருவன் நாமக்கல்லில் கோழிப்பண்ணை. ஒருவன் லாரி வைத்திருக்கிறான். கடைசியில், அப்பாவின் இரண்டு ஏக்கரில் வாழையும் வெற்றிலையும் பார்க்கிறவனைப் பற்றிச் சொல்லும்போது மட்டும் குரல் கொஞ்சம் இறங்கும். "அவன் ஊர்லயே இருக்கான்."

படித்தவன் எங்கே போனான், எவ்வளவு சம்பாதித்தான் என்பதோடு நம் கேள்வி நின்றுவிடுகிறது. அவன் படிப்பு நடுவயதில் யாருக்குப் பயன்பட்டது என்று கேட்பது குறைவு. அப்படிக் கேட்டால், ஏறத்தாழ நூறு ஆண்டுகளுக்கு முன்பு சென்னையில் கூடிப் படித்த சில கிராமத்துப் பையன்களின் கதை நம் வயல் வரப்புக்கே வந்து சேரும். அவர்களில் ஒருவர் ஜேடர்பாளையத்துக்கு எதிர்க்கரையான ஈரோடு மாவட்டத்துக்காரர். இன்னொருவர் பொள்ளாச்சிப் பக்கத்து விவசாயக் குடும்பம். நாம் போட்ட குட்டை நெல், நம் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் சாப்பிட்ட மதியச் சோறு, தமிழில் வந்த முதல் பெரிய கலைக்களஞ்சியம் ஆகிய மூன்றிலும் இவர்கள் கை இருக்கிறது.

வனமலர்ச் சங்கம்

1920-களின் கடைசியில் கொங்கு நாட்டிலிருந்து சென்னைக்குப் படிக்கப் போவது சின்ன விஷயம் அல்ல. ஊரில் உயர்நிலைப் பள்ளி இருப்பதே அபூர்வம். ஈரோட்டிலோ கோவையிலோ தங்கிப் படித்து முடித்து, அதற்குப் பிறகு ரயில் ஏற வேண்டும். செலவுக்குக் காடு விளைய வேண்டும்.

அப்படிப் போனவர்களில் ஒருவர் மொடக்குறிச்சி அருகே மஞ்சக்காட்டுவலசில் 1908-இல் பிறந்த ம.ப. பெரியசாமி. பின்னாளில் பெரியசாமித் தூரன் என்று பெயர் பெற்றவர். சென்னை மாநிலக் கல்லூரியில் கணிதம் படித்தார். பொள்ளாச்சி அருகே செங்குட்டைப்பாளையத்தில் 1910-இல் பிறந்த சி. சுப்பிரமணியம் அதே கல்லூரியில் அறிவியல் படித்தார். செங்கல்பட்டுப் பக்கத்திலிருந்து வந்த ஓ.வி. அழகேசன், காஞ்சிபுரம் அருகே நெய்யாடுபாக்கத்தில் 1912-இல் பிறந்த நெ.து. சுந்தரவடிவேலு ஆகியோரும் இந்த வட்டத்தில் இருந்தார்கள். இவர்களும் இன்னும் சில தோழர்களும் சேர்ந்து 'வனமலர்ச் சங்கம்' என்று ஒன்றைத் தொடங்கி, 'பித்தன்' என்ற மாத இதழையும் நடத்தினார்கள்.

எல்லோரும் ஒரே கருத்துக்காரர்கள் அல்லர். தூரன் காந்தி பக்தர், முருகன் மேல் பாட்டு எழுதியவர். சுந்தரவடிவேலு சுயமரியாதை இயக்கத்தோடு நெருக்கமானவர், அந்த வழியிலேயே சாதி மறுத்துத் திருமணம் செய்துகொண்டவர். சுப்பிரமணியமும் அழகேசனும் காங்கிரஸ்காரர்கள். கருத்து வேறாக இருந்தாலும் தோழமை நின்றது.

அந்தக் காலத்துப் படிப்புக்கு இடையில் நாட்டு விடுதலைப் போராட்டம் வந்து நின்றது. 1931 மார்ச் 23-ஆம் தேதி பகத் சிங் தூக்கிலிடப்பட்டபோது, அந்த வேதனையில் தூரன் பட்டத்துக்கான இறுதித் தேர்வை எழுதாமல் விட்டார். சட்டம் படித்த சுப்பிரமணியம் 1932-இல் சட்ட மறுப்பில் சேர்ந்து சிறை சென்றார். ஊரில் அவர்களைப் படிக்க அனுப்பிய பெரியவர்களுக்கு இது எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். காசு செலவழித்து அனுப்பிய பையன் பரீட்சை எழுதவில்லை, இன்னொருவன் ஜெயிலில் இருக்கிறான் என்றால், அந்த வருடத்துக் கணக்கில் இரண்டும் நட்டம்தான்.

இருபது வருடம், ஒரே வேலை

தூரன் ஆசிரியர் வேலைக்குப் போனார். கோபிசெட்டிபாளையத்திலும், பிறகு பெரியநாயக்கன்பாளையம் ராமகிருஷ்ண வித்யாலயத்திலும் 1948 வரை பள்ளிக்கூட வேலை. அந்த வித்யாலயத்தை நிறுவிய தி.சு. அவினாசிலிங்கம் சென்னை மாகாணக் கல்வி அமைச்சரான காலத்தில், 1946-இல், தமிழ் வளர்ச்சிக் கழகம் தொடங்கப்பட்டது. ஆங்கிலத்தில் இருப்பதுபோல எல்லா அறிவுத் துறைகளையும் தமிழில் அகர வரிசையில் சொல்லும் ஒரு கலைக்களஞ்சியம் வேண்டும் என்பது அதன் பெரிய நோக்கம். முதன்மை ஆசிரியர் பொறுப்பு தூரனிடம் வந்தது. அப்போது அவருக்கு வயது 40.

வேலை எவ்வளவு கடினம் என்பதை விவசாயிகள் எளிதில் புரிந்துகொள்ளலாம். பூச்சிகளைப் பற்றி எழுத வேண்டும் என்றால் முதலில் பூச்சியியல் தெரிந்தவர் வேண்டும். அவருக்குத் தமிழில் எழுத வர வேண்டும். புழு, கூட்டுப்புழு, முட்டைப் பருவம் என்று ஒவ்வொன்றுக்கும் எல்லோரும் ஒப்புக்கொள்ளும் சொல் வேண்டும். அதே மாதிரி மண், வானிலை, மருத்துவம், சட்டம், கணிதம், இசை. எழுதியவர் பலர். அதைத் திருத்தி, ஒரே நடைக்குக் கொண்டுவந்து, படம் சேர்த்து, அச்சுப் பிழை பார்ப்பது ஆசிரியர் குழுவின் வேலை.

முதல் தொகுதி 1954-இல் வெளிவந்தது. ஒன்பதாம் தொகுதி 1963-இல். இணைப்புத் தொகுதியாகப் பத்தாவது 1968-இல். தொடங்கும்போது 40 வயதாக இருந்தவர் முடிக்கும்போது 60-ஐ எட்டியிருந்தார். அதோடு ஓயாமல் குழந்தைகளுக்கென்று இன்னொரு கலைக்களஞ்சியத்தை எடுத்து, அதையும் பத்துத் தொகுதிகளாக 1976-இல் முடித்தார். இடையில் பாரதியார் எழுத்துகளைப் பழைய பத்திரிகைகளிலிருந்து தேடித் தொகுத்தார். நாட்டுப்புறப் பாடல்களைச் சேகரித்தார். மரபுப் பண்பு எப்படி ஒரு தலைமுறையிலிருந்து அடுத்ததற்குப் போகிறது என்பதை விளக்கிப் 'பாரம்பரியம்' என்று ஒரு நூலும் எழுதினார். 1968-இல் பத்மபூஷண் விருது அவருக்குக் கிடைத்தது.

பள்ளிக்கூடமும் மதியச் சோறும்

இதே வருடங்களில் மற்ற தோழர்கள் எங்கே இருந்தார்கள்?

சுப்பிரமணியம் 1952-இல் சென்னை மாநில அமைச்சரானார். நிதி, கல்வி, சட்டம் போன்ற துறைகளைப் பத்து வருடம் பார்த்தார். அவருடைய முதல் பெரிய சோதனை 1953-இல் வந்தது. முதலமைச்சர் ராஜாஜி, கிராமத் தொடக்கப் பள்ளிகளில் பாதி நேரம் படிப்பு, மீதி நேரம் குடும்பத் தொழில் என்று ஒரு திட்டம் கொண்டுவந்தார். குலக்கல்வித் திட்டம் என்று அது கடுமையாக எதிர்க்கப்பட்டது. ராஜாஜிக்குப் பக்கபலமாக இருந்து அந்தத் திட்டத்துக்காக வாதாடியவர் சுப்பிரமணியம். 1954-இல் ராஜாஜி விலகினார். அடுத்த முதல்வர் யார் என்ற கட்சிப் போட்டியில் காமராஜரை எதிர்த்து நின்று சுப்பிரமணியம் தோற்றார். காமராஜர் வந்ததும் அந்தக் கல்வித் திட்டம் கைவிடப்பட்டது. ஆனால் தன்னை எதிர்த்து நின்றவரையே காமராஜர் அமைச்சரவையில் சேர்த்துக்கொண்டு, கல்வியையும் நிதியையும் அவரிடம் கொடுத்தார்.

அதே 1954-இல் பொதுக் கல்வி இயக்குநர் நாற்காலிக்கு வந்தவர் நெ.து. சுந்தரவடிவேலு. பஞ்சாயத்து அலுவலராகவும் பள்ளி ஆய்வாளராகவும் ஊர் ஊராகச் சுற்றியவர். சோறு இல்லாத வீட்டுப் பிள்ளை பள்ளிக்கு வராது என்பது அவருக்குப் புள்ளிவிவரமாக அல்லாமல் நேரிலேயே தெரியும்.

இப்படியாக முதல்வர் காமராஜர், கல்வி அமைச்சர் சுப்பிரமணியம், இயக்குநர் சுந்தரவடிவேலு என்று ஒரு வரிசை அமைந்தது. 1956-இல் மதிய உணவுத் திட்டம் மாநிலப் பள்ளிகளுக்கு விரிந்தது. தொடக்கத்தில் அரசுப் பணம் மட்டும் போதவில்லை. ஊர்க்காரர்களிடம் அரிசியும் பருப்பும் விறகும் கேட்டு வாங்கித்தான் பல ஊர்களில் அடுப்பு எரிந்தது. பிறகு 1958 முதல் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் ஊருக்கு ஊர் நடந்தன. நிலம் கொடுத்தவர், கட்டடம் கட்டிக் கொடுத்தவர், பெஞ்சு, கரும்பலகை, மணி வாங்கிக் கொடுத்தவர் என்று கிராமங்களே பள்ளிக்குக் கைகொடுத்தன. இன்றும் பழைய பள்ளிக்கூடச் சுவர்களில் பதித்த கல்லில் கொடையாளர் பெயர்களைப் பார்க்கலாம். சுந்தரவடிவேலுவுக்கு 1961-இல் பத்மஸ்ரீ கிடைத்தது. பின்னர் 1969 முதல் 1975 வரை சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தராக இருந்தார்.

பாதி நாள் படிப்பு போதும் என்ற திட்டத்துக்குத் துணை நின்ற அதே அமைச்சர், இரண்டே வருடத்தில், பிள்ளைகளை முழு நாளும் பள்ளியில் இருக்க வைக்கும் திட்டத்துக்கு நிதி தேடும் இடத்தில் உட்கார்ந்தார். தோற்ற கொள்கையைப் பிடித்துக்கொண்டு முரண்டு செய்யாமல், புதிய வேலையை முழு மனதோடு செய்தார். ஊரில் ஒரு கூட்டுறவுச் சங்கத் தேர்தலில் தோற்றாலே பத்து வருடம் பேசாமல் இருப்பவர்களைப் பார்த்த நமக்கு இது எவ்வளவு பெரிய காரியம் என்று தெரியும்.

ஒரே சமயத்தில் இரண்டு ராஜினாமா

அழகேசன் 1952-இல் மத்திய ரயில்வே துணை அமைச்சரானார். 1956 நவம்பர் 23-ஆம் தேதி அரியலூர் அருகே மருதையாற்றுப் பாலத்தில் தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் கவிழ்ந்து 140 பேருக்கு மேல் இறந்தார்கள். ரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி பொறுப்பேற்றுப் பதவி விலகினார். தமிழ்நாட்டில் அழகேசன் மேல் கோபம் திரும்பியது. 1957 தேர்தலில் தோற்றார். ஐந்து வருடம் கழித்து 1962-இல் வென்று, மறுபடி மத்திய அரசுக்குள் வந்தார்.

1965 ஜனவரி 26 முதல் இந்தி ஆட்சிமொழி ஆவதை எதிர்த்துத் தமிழ்நாட்டில் மாணவர்கள் கிளர்ந்தெழுந்தார்கள். தீக்குளிப்புகள் நடந்தன, துப்பாக்கிச் சூடுகள் நடந்தன. சாஸ்திரிதான் அப்போது பிரதமர். பிப்ரவரியில் தமிழ்நாட்டைச் சேர்ந்த இரண்டு மத்திய அமைச்சர்கள் ராஜினாமாக் கடிதம் கொடுத்தார்கள். ஒருவர் சுப்பிரமணியம், மற்றவர் அழகேசன். ஆங்கிலம் தொடரும் என்று பிரதமர் வானொலியில் உறுதி சொன்ன பிறகே இருவரும் அதைத் திரும்பப் பெற்றார்கள். கல்லூரி நாளில் தமிழ்ச் சங்கம் வைத்தவர்கள் 55 வயதை ஒட்டிய காலத்தில் அதே தமிழுக்காகப் பதவியை மேசை மேல் வைத்தார்கள்.

விதைக்காக ஒரு போராட்டம்

நம் வயலை நேராகத் தொட்ட கதை இனிமேல்தான்.

1964 ஜூனில் சாஸ்திரி அமைச்சரவை அமைத்தபோது உணவு, விவசாயத் துறையை விரும்பிக் கேட்க ஆள் இல்லை. அதில் உட்கார்ந்தால் கெட்ட பெயர்தான் என்பது டெல்லியில் எல்லோருக்கும் தெரியும். உருக்குத் துறையைப் பார்த்துக்கொண்டிருந்த சுப்பிரமணியம் அதை ஏற்றார். வயது 54.

நாடு அமெரிக்கக் கோதுமையை எதிர்பார்த்து இருந்தது. கப்பல் வந்தால்தான் ரேஷன் கடையில் தானியம். 1965-லும் 1966-லும் அடுத்தடுத்து மழை பொய்த்தது. 1966-இல் மட்டும் ஒரு கோடி டன்னுக்கு மேல் தானியம் இறக்குமதியானது.

சுப்பிரமணியம் எடுத்த வழி மூன்று. முதலாவது, விவசாயிக்குக் கட்டுப்படியாகும் விலை. 1965 ஜனவரியில் விவசாய விலைக் குழு அமைந்தது. அதே மாதம் 14-ஆம் தேதி இந்திய உணவுக் கழகம் தொடங்கியது. அதன் முதல் தலைமையகம் சென்னையில், முதல் மாவட்ட அலுவலகம் தஞ்சாவூரில். நாம் இன்று குறைந்தபட்ச ஆதரவு விலை என்று பேசுவதன் வேர் அங்கே இருக்கிறது. இரண்டாவது, விஞ்ஞானிக்கு மரியாதை. விவசாய ஆராய்ச்சிக் கழகத்தின் தலைமைக்கு முதல்முறையாக ஒரு விஞ்ஞானியான பி.பி. பால் வந்தார். மூன்றாவது, விதை.

பழைய ரகக் கோதுமையும் நெல்லும் உயரமாக வளரும். உரத்தைக் கொஞ்சம் கூட்டினால் கதிர் கனத்துத் தாள் சாய்ந்துவிடும். ஜப்பானியக் குட்டை ரகத்தின் பண்பை மெக்சிகோவில் நார்மன் போர்லாக் கோதுமையில் சேர்த்தார். அந்தக் குட்டைத் தாள் உரத்தையும் தாங்கியது, கதிரையும் தாங்கியது. எம்.எஸ். சுவாமிநாதன் முதலிய விஞ்ஞானிகள் இதை இந்திய வயல்களில் சோதித்துக் காட்டினார்கள். ஆனால் பெரிய அளவில் பரப்ப விதை வேண்டும். அதற்கு அந்நியச் செலாவணி வேண்டும். நிதித்துறை தயங்கியது. வெளிநாட்டு விதை நம் மண்ணுக்கு ஆகாது என்று ஒரு சாரார் எதிர்த்தார்கள். உரம் வாங்க வசதியுள்ள பெரிய விவசாயிக்குத்தான் லாபம் என்று மற்றொரு சாரார் எதிர்த்தார்கள். அமைச்சர் டெல்லியில் தன் வீட்டுப் புல்தரையையே உழுது புதிய விதையைப் போட்டுக் காட்டினார். 1966-இல் மெக்சிகோவிலிருந்து 18,000 டன் கோதுமை விதை வந்து இறங்கியது.

1964-65-இல் நாட்டில் கோதுமை விளைச்சல் சுமார் 1.2 கோடி டன். 1967-68-இல் அது சுமார் 1.65 கோடி டன். ஆனால் அந்த அறுவடை வருவதற்கு முன்பே 1967 பிப்ரவரித் தேர்தல் வந்தது. அரிசித் தட்டுப்பாட்டில் கொதித்திருந்த தமிழ்நாட்டில், கோபிசெட்டிபாளையம் தொகுதியில் நின்ற சுப்பிரமணியம் தோற்றார். விதைத்தவர் பதவியில் இல்லாதபோது மகசூல் வீடு வந்தது. 1998-இல் அவருக்குப் பாரத ரத்னா வழங்கப்பட்டது. விஞ்ஞானி சுவாமிநாதனுக்கு அதே விருது 2024-இல் கிடைத்தது.

நம் வாய்க்கால் கரையில் என்ன ஆனது?

நெல்லில் குட்டை ரகம் பிலிப்பைன்ஸிலிருந்து வந்தது. அங்குள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம், இந்தோனேசியாவின் 'பேட்டா' என்ற உயர ரகத்தையும் தைவானின் ஒரு குட்டை ரகத்தையும் கலந்து உருவாக்கிய ஐ.ஆர்.8-ஐ 1966-இல் வெளியிட்டது. தமிழ்நாட்டிலேயே ஆடுதுறையில் உருவான ஏ.டி.டி.27 தஞ்சைக் குறுவையில் பரவியது. காவிரிப் பாசனம் முழுவதும் இந்தப் பெயர்கள் வீட்டுப் பேச்சாயின. ஜேடர்பாளையம் படுகை அணையிலிருந்து பிரியும் ராஜவாய்க்காலும், அதைத் தொடர்ந்து வரும் கொமாரபாளையம், பொய்யேரி, மோகனூர் வாய்க்கால்களும் அன்றைய சேலம் மாவட்டத்தின் நெல் பூமி. தண்ணீர் நிச்சயமாக உள்ள இத்தகைய இடங்களில்தான் புதிய விதை தன் முழுப் பலனைக் கொடுத்தது.

மேட்டுக்காட்டுக்காரர் கதை வேறு. மானாவாரியில் சோளமும் கம்பும் நிலக்கடலையும் போட்டவருக்கு அந்த விதை எதுவும் செய்யவில்லை. வங்கியும் கூட்டுறவுச் சங்கமும் ரேஷன் கடையும் நெல்லையும் கோதுமையையும் சுற்றியே வளர்ந்ததால், கம்பும் ராகியும் சாமையும் தட்டிலிருந்து குறைந்தன. வாய்க்கால் பாசனத்திலும் எல்லாம் இனிப்பு அல்ல. ஐ.ஆர்.8 சோறு தடித்து, ஆறினால் இறுகிப்போகும். தழைச்சத்தைக் கூட்டக் கூட்டப் புகையானும் இலைக்கருகலும் கூடின. பூச்சி மருந்துச் செலவு ஏறியது. அடுத்து வந்த ஐ.ஆர்.20-லும் பிறகு பொன்னியிலும்தான் சோற்று ருசி கொஞ்சம் திரும்பியது. எதிர்த்தவர்கள் சொன்னதில் பாதி உண்மை. ஆனால் அந்த விதை வராமல் இருந்திருந்தால் கப்பலை எதிர்பார்த்தே காலம் போயிருக்கும் என்பதும் உண்மை.

இன்று அதே வாய்க்கால் பாசனத்தில் நெல்லைவிட வாழையும் வெற்றிலையும் கரும்பும் கோரையும்தான் கண்ணில் படுகின்றன. வெல்லத்துக்குப் பிலிக்கல்பாளையம் ஏலம், வாழைக்கும் தேங்காய்க்கும் பரமத்திவேலூர் ஏலம் என்று வியாபாரமும் மாறிவிட்டது.

வயதைக் கணக்குப் பார்த்தால்

பெரிய கலைக்களஞ்சியத்தைத் தொடங்கியபோது தூரனுக்கு வயது 40. மதிய உணவு மாநிலமெங்கும் விரிந்தபோது சுந்தரவடிவேலுவுக்கு 43. தேர்தலில் தோற்று மறுபடி எழுந்தபோது அழகேசனுக்கு 50. விவசாயத் துறையை ஏற்றபோது சுப்பிரமணியத்துக்கு 54. நம் ஊரில் இந்த வயதில் பலர் "இனி என்னங்க இருக்கு, பசங்க பார்த்துக்குவாங்க" என்று சொல்லத் தொடங்கிவிடுகிறார்கள்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். நான்கு பேரில் ஒருவர்கூட ஊரை விட்டுப் போனதோடு நிற்கவில்லை. சென்னையில் இருந்தாலும் டெல்லியில் இருந்தாலும் அவர்கள் செய்த வேலை கிராமத்துக்கே திரும்பி வந்தது. ஊரில் இருக்கிறவனா, வெளியூர் போனவனா என்று பிரித்து ஒருவனுக்குக் குரலை இறக்குவது இதனால்தான் தவறு. இரண்டு ஏக்கரில் வாழை வைத்து, கூட நாலு பேருக்குக் கன்று தேர்வு சொல்லித் தருகிறவன், வெளியூரில் இருந்துகொண்டு ஊர்ப் பள்ளிக்கு ஒன்றும் செய்யாதவனைவிடக் குறைந்தவன் அல்லன்.

உங்கள் வகுப்புத் தோழர்களோடு என்ன செய்யலாம்?

கூடப் படித்தவர்களின் வாட்ஸ்அப் குழு இன்று ஏறக்குறைய எல்லோர் கைப்பேசியிலும் இருக்கிறது. காலை வணக்கத்தோடு அது நின்றுவிட வேண்டியதில்லை.

ஒன்று, பள்ளிக்கூடம். 1958-இல் ஊர்க்காரர்கள் கொடுத்ததுபோல இப்போதும் கொடுக்க வழி இருக்கிறது. முன்னாள் மாணவர்களும் நிறுவனங்களும் அரசுப் பள்ளிக்கு உதவுவதற்காகவே 'நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி' திட்டத்தை 2022-இல் அரசு தொடங்கியது. முதலில் தலைமையாசிரியரைப் பார்த்து, பள்ளிக்கு உண்மையில் என்ன தேவை என்று கேளுங்கள். நீங்களாக முடிவு செய்து பொருள் வாங்கிக் கொடுத்தால், கழிப்பறைக்குத் தண்ணீர் இல்லாத பள்ளியில் இரண்டாவது ஒலிபெருக்கி போய் நிற்கும்.

இரண்டு, குழு. ஒரே ஊரில் விவசாயம் பார்க்கும் வகுப்புத் தோழர்கள் ஐந்தாறு பேர் இருந்தாலே ஒரு தொடக்கம் கிடைத்துவிட்டது. இருபது பேர் சேர்ந்தால் உழவர் ஆர்வலர் குழு, ஐந்து ஆர்வலர் குழுக்கள் சேர்ந்து நூறு பேரானால் உழவர் உற்பத்தியாளர் குழு என்பது கூட்டுப் பண்ணையத் திட்டத்தின் அமைப்பு. இடுபொருளைச் சேர்ந்து வாங்கவும், கருவியைச் சேர்ந்து பயன்படுத்தவும் இது வசதி. நம்பிக்கை இல்லாமல் எந்தக் குழுவும் நிற்காது. பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்களிடம் அந்த நம்பிக்கை ஏற்கெனவே இருக்கிறது.

மூன்று, வெளியூர் நண்பர். அவரிடம் கடன் கேட்காதீர்கள், வேலை கேளுங்கள். கணக்கு எழுதத் தெரிந்தவர் குழுவின் கணக்கைப் பார்க்கலாம். பெங்களூரிலோ சென்னையிலோ இருப்பவர் அங்கே வெல்லத்துக்கும் பழத்துக்கும் என்ன விலை, எந்த மாதிரி கட்டுமானம் கேட்கிறார்கள் என்று விசாரித்துச் சொல்லலாம்.

வாசகர்கள் கேட்கக்கூடிய சில கேள்விகள்

கேள்வி: இவர்கள் எல்லோரும் ஒரே வகுப்பில் படித்தவர்களா?

பதில்: இல்லை. தூரன் கணிதம், சுப்பிரமணியம் அறிவியல். வயதிலும் ஓரிரு வருட வித்தியாசம் உண்டு. அழகேசன் பச்சையப்பன் கல்லூரி மாணவர். ஒரே காலத்தில் சென்னையில் படித்து, ஒரே சங்கத்தில் கூடியவர்கள்.

கேள்வி: கலைக்களஞ்சியத்தை இப்போது படிக்க முடியுமா?

பதில்: முடியும். மாவட்ட மைய நூலகங்களில் கேட்டுப் பாருங்கள். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் இணையதளத்தில் இலவசமாகவே படிக்கலாம். பயிர், பூச்சி பற்றிய செய்திகள் அந்தக் காலத்தவை என்பதால் மருந்து, உர அளவுகளை அதிலிருந்து எடுக்க வேண்டாம்.

கேள்வி: குட்டை ரக நெல்லில் சொந்த விதையை எடுத்து வைக்கலாமா?

பதில்: ரக நெல் தன் மகரந்தச் சேர்க்கைப் பயிர் என்பதால் எடுத்து வைக்கலாம். வீரிய ஒட்டு நெல்லில் கூடாது, அடுத்த போகத்தில் பயிர் ஒரே மாதிரி வராது. விதைக்கென்று வயலின் நடுப் பகுதியை ஒதுக்கி, பூக்கும்போதும் கதிர் முற்றும்போதும் உயரத்திலும் நிறத்திலும் வேறுபட்ட பயிர்களைப் பிடுங்கி எறியுங்கள். விதைக்கும் முன் ஒரு பாத்திரத் தண்ணீரில் உப்பைக் கரைத்துக்கொண்டே வாருங்கள். புது முட்டை மிதந்து மேலே ஒரு ரூபாய் நாணயம் அளவு தெரியும்போது நிறுத்தி, விதையைப் போட்டு மிதப்பதை நீக்கிவிடுங்கள். மூழ்கிய விதையை இரண்டு மூன்று முறை நல்ல தண்ணீரில் கழுவிய பிறகே ஊறவைக்க வேண்டும். மூன்று நான்கு போகத்துக்கு ஒருமுறை சான்று விதைக்கு மாறுவது நல்லது.

கேள்வி: ஜேடர்பாளையம் பகுதிக்காரர்கள் விதை பற்றியும் குழு அமைப்பது பற்றியும் யாரைப் பார்க்கலாம்?

பதில்: கபிலர்மலை வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்தில் உங்கள் பகுதி உதவி வேளாண்மை அலுவலரைப் பாருங்கள். பயிற்சிக்கு நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி வளாகத்தில் உள்ள வேளாண் அறிவியல் நிலையத்தை அணுகலாம். போகும்போது தனியாகப் போகாமல், கூடப் படித்தவர் ஒருவரையும் அழைத்துக்கொண்டு போங்கள்.